ஒரே ஜோடி வயரில் இரண்டு பேச்சு: ஹார்ட் டிரான்ஸ்மிட்டர் எப்படி வேலை செய்கிறது?

தொட்டியின் அடியில் ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர், அதாவது அழுத்தத்தை அளந்து அனுப்பும் கருவி, இருக்கிறது. அதிலிருந்து இரண்டே வயர் கிளம்பி, ஜங்ஷன் பாக்ஸ் வழியாகக் கன்ட்ரோல் ரூமுக்குப் போகிறது. கருவி உயிரோடிருக்கத் தேவையான மின்சாரம் அந்த இரண்டு வயரில்தான் வருகிறது. அளந்த அளவும் அதே வயரில்தான் திரும்பிப் போகிறது. போதாததற்கு, அதிலேயே கம்யூனிகேட்டர் என்ற கையடக்கச் சாதனத்தின் கிளிப்பை மாட்டினால் கருவியின் டேக் பெயர் (அடையாளப் பெயர்), ரேஞ்ச், கோளாறுகள் எல்லாவற்றையும் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். இந்த இரண்டாவது பேச்சின் நெறிமுறைக்குத்தான் ஹார்ட் என்று பெயர். இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கிளிப் மாட்டுவதையும் மெனுவில் நுழைவதையும் இரண்டே நாளில் பழகிவிடுகிறார்கள். மெனுவில் ஓர் எண்ணை மாற்றும்போது கருவிக்குள் எந்த இடத்தில் கை வைக்கிறோம் என்பது பிடிபடத்தான் நாளாகிறது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் வயரில் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம்.

4 முதல் 20 மில்லிஆம்ப்

கன்ட்ரோல் ரூமிலிருந்து 24 வோல்ட் டிசி வருகிறது. டிரான்ஸ்மிட்டர் தானாகக் கரண்ட் எதையும் உற்பத்தி செய்வதில்லை. லூப்பில், அதாவது அந்த இரண்டு வயரின் சுற்றில், எவ்வளவு கரண்ட் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் ஒரு வால்வு போல அது வேலை செய்கிறது. ரேஞ்சின் அடிமட்டத்தில் 4 மில்லிஆம்ப் விடும், உச்சியில் 20 விடும். இடையில் எல்லாம் நேர்கோடு. 0 முதல் 10 பார் வரை ரேஞ்ச் என்றால் 5 பாருக்கு 12 மில்லிஆம்ப், 2.5 பாருக்கு 8 மில்லிஆம்ப். கணக்கு எளிது: அளவு ரேஞ்சில் எத்தனை சதவீதமோ அதை 16-இன் சதவீதமாக்கி, 4-ஐக் கூட்டினால் சரி.

அடிமட்டம் ஏன் 0 ஆக இல்லாமல் 4 ஆக இருக்கிறது? இரண்டு காரணம். வயர் அறுந்தால் கரண்ட் 0 ஆகும். அடிமட்டமும் 0 என்றால், காலித் தொட்டிக்கும் அறுந்த வயருக்கும் வித்தியாசம் தெரியாது. அடுத்தது, அந்த 4 மில்லிஆம்புக்குள்தான் கருவி தன் மின்சுற்று முழுவதையும் ஓட்டியாக வேண்டும். இதற்கு முன்பிருந்த காற்றழுத்தக் கருவிகளிலும் 0-விலிருந்து தொடங்காமல் 3 முதல் 15 பிஎஸ்ஐ வரை என்றுதான் வைத்திருந்தார்கள்.

4-க்குக் கீழும் 20-க்கு மேலும் கொஞ்சம் இடம் உண்டு, அதற்கும் அர்த்தம் உண்டு. நாமூர் என்ற பயனர் அமைப்பின் என்இ 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 வரை நம்பத்தக்க அளவு. 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ போனால் கருவி தன் கோளாறை அறிவிக்கிறது என்று பொருள். கோளாறு வந்தால் மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்பதை ஒரு ஜம்பரோ சுவிட்சோ தீர்மானிக்கும். மல்டிமீட்டரில் 3.6-ஐயோ 21.5-ஐயோ பார்த்தால் ப்ராசஸில் தேடாதீர்கள், கருவியில் தேடுங்கள்.

மேலே ஓடும் சிற்றலை

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. மேற்பரப்பில் காற்றில் சிற்றலை எழும்பினாலும் மட்டம் மாறுவதில்லை, ஏறிய அளவே இறங்கிவிடுகிறது. ஹார்ட் தகவல்தொடர்பு அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் கரண்டின் மேல் கூட்டியும் குறைத்தும் அரை மில்லிஆம்ப் அளவுக்கு ஓர் அலையைக் கருவி ஏற்றுகிறது. 1200 ஹெர்ட்ஸ் அலை வந்தால் '1', 2200 ஹெர்ட்ஸ் வந்தால் '0'. பழைய டெலிபோன் மோடம்களின் பெல் 202 முறையேதான். அலையின் சராசரி 0 என்பதால் அனலாக் அளவுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

ரோஸ்மவுண்ட் நிறுவனம் 1980-களின் நடுவில் தன் கருவிகளுக்காக உருவாக்கிய இந்த நெறிமுறை, பின்பு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1993-இல் அதற்கென்று தனி அமைப்பு வந்தது. இன்று எந்தப் பெரிய நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டரை வாங்கினாலும் ஹார்ட் இருக்கும் என்று நம்பலாம்.

வேகத்தைக் கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்: நொடிக்கு 1200 பிட். ஒவ்வொரு பைட்டும் 11 பிட்டாகப் போவதால் ஒரு பைட்டுக்கே 9 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. கேள்வி ஒன்று, பதில் ஒன்று என்று நொடிக்கு இரண்டு மூன்று பரிமாற்றம் நடந்தால் பெரிது. மெனு திறக்க கம்யூனிகேட்டர் இழுத்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். அது கோளாறில்லை. கட்டுப்பாட்டுக்கு வேண்டிய வேகமான அளவு 4–20-இல் போகிறது. மற்ற செய்திகளெல்லாம் பின்னால் மெதுவாக வரட்டும் என்ற ஏற்பாடு இது.

பேச்சில் மாஸ்டர் கேட்கும், கருவி பதில் சொல்லும். ஒரு லூப்பில் இரண்டு மாஸ்டர் இருக்க அனுமதி உண்டு: கன்ட்ரோல் ரூம் சிஸ்டம் முதன்மை மாஸ்டர், உங்கள் கையில் இருக்கும் கம்யூனிகேட்டர் இரண்டாம் மாஸ்டர். ஒரே லூப்பில் இரண்டு பேர் இரண்டு கம்யூனிகேட்டரை மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று இடறும். கீழே ஒருவர், மார்ஷலிங் கேபினெட்டில் (வயர்கள் வந்து சேரும் அலமாரியில்) ஒருவர் என்று லூப் செக் செய்யும்போது இது நடக்கும்.

250 ஓம் எதற்கு

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்த ஒரு ரெசிஸ்டர்தான். கருவி அனுப்பும் அலை கரண்டில் இருக்கிறது. கம்யூனிகேட்டரோ வோல்ட்டேஜைத்தான் படிக்கும். கரண்ட் அலை வோல்ட்டேஜ் அலையாக மாற லூப்பில் ஒரு தடை வேண்டும். நல்ல பவர் சப்ளை ஒன்றுக்கு அலை மின்சாரத்தைப் பொறுத்தவரை தடையே கிடையாது. அதன் இரு முனையிலும் நேராக கிளிப் மாட்டினால் அலை முழுவதும் சப்ளைக்குள் அமிழ்ந்துபோகும். எனவே லூப்பில் குறைந்தது 230 ஓமாவது இருக்க வேண்டும். நடைமுறையில் 250 போடுகிறோம். அரை மில்லிஆம்ப் அலை 250 ஓமில் 0.125 வோல்ட் உண்டாக்கும், கம்யூனிகேட்டருக்கு அது தாராளம்.

பல டிசிஎஸ், பிஎல்சி (கட்டுப்பாட்டுக் கணினிகள்) அனலாக் இன்புட் கார்டுகளுக்குள்ளேயே 250 ஓம் இருக்கும். அப்படியானால் வெளியே எதுவும் போட வேண்டாம். ஒர்க்‌ஷாப் மேசையில் வெறும் 24 வோல்ட் சப்ளையில் கருவியை இணைத்துப் பார்க்கும்போதுதான் தனியாக ரெசிஸ்டர் தேவை. லூப்பில் தொடராக அதைப் போட்டுவிட்டு, கம்யூனிகேட்டரை ரெசிஸ்டரின் இரு முனையிலோ டிரான்ஸ்மிட்டரின் இரு முனையிலோ மாட்டுங்கள். இரண்டும் வேலை செய்யும். கம்யூனிகேட்டருக்கு பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டியதில்லை.

ரெசிஸ்டர் போட்டால் வோல்ட்டேஜ் குறையும் என்பதை மறக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருவி கோளாறு காட்டும்போது 22 மில்லிஆம்ப் வரை போகலாம் என்று வைத்துக்கொள்வோம். 250 ஓமில் 5.5 வோல்ட் போய்விடும். வழியில் 300 ஓம் சீனர் பேரியர் (வெடிக்கும் வாயுப் பகுதிக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு) இருந்தால் இன்னும் 6.6 வோல்ட். 1.5 சதுர மி.மீ. செம்பு கேபிளில் போக வர ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 24 ஓம். 500 மீட்டர் தூரம் என்றால் 12 ஓம், அதில் கால் வோல்ட். 24-இல் மிஞ்சுவது 11.6 வோல்ட்தான். பரவலாகப் பயன்படும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 10.5 வோல்ட் வேண்டும் என்றால் தப்பித்தோம். 12 வோல்ட் கேட்கும் கருவியாக இருந்தால் வினோதமான கோளாறு வரும்: அளவு கீழே இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். மேலே ஏற ஏறக் கரண்ட் கூடும், வோல்ட்டேஜ் குறையும். ஒரு கட்டத்தில் கரண்ட் அதற்கு மேல் ஏறாமல் நிற்கும், அல்லது கருவியே அணைந்து மறுபடி எழும். காலையில் சரியாக இருந்த கருவி லோடு ஏறியதும் தகராறு செய்கிறது என்றால் முதலில் டெர்மினலில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். அளவு உச்சத்தில் இருக்கும்போது அளப்பது முக்கியம். 4 மில்லிஆம்பில் அளந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும்.

கேபிளின் நீளத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. வயர்களுக்கு இடையிலுள்ள கெபாசிட்டன்ஸ் அலையை மழுக்கிவிடும். லூப்பின் தடையும் கெபாசிட்டன்ஸும் பெருக்கினால் 65 மைக்ரோநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 500 ஓம் தடை, மீட்டருக்கு 200 பைக்கோஃபாரட் கேபிள் என்றால் 650 மீட்டர் வரும். கருவியின் கெபாசிட்டன்ஸையும் கழித்தால் இன்னும் குறையும். கேபிளின் ஷீல்டை ஒரு பக்கம் மட்டும், பொதுவாகக் கன்ட்ரோல் ரூம் பக்கம், எர்த் செய்யுங்கள். இரு பக்கமும் செய்தால் ஷீல்டிலேயே கரண்ட் ஓடி இரைச்சலைக் கொண்டுவரும்.

கருவிக்குள் மூன்று கட்டங்கள்

இனி நிதானமாகப் படியுங்கள். ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டரின் உள்ளே ஓர் அளவு மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

முதல் கட்டம் சென்சார். டயாஃப்ரம் மீது விழும் அழுத்தத்தை உணர்ந்து, அதை ஓர் எண்ணாக மாற்றுகிறது: 5.00 பார். கம்யூனிகேட்டரில் 'பிவி' என்று காட்டுவது இந்த எண்.

இரண்டாம் கட்டம் ரேஞ்ச். இந்த 5.00 பார் எத்தனை சதவீதம்? எல்ஆர்வி (ரேஞ்சின் கீழ் எல்லை) 0, யூஆர்வி (மேல் எல்லை) 10 என்று எழுதியிருந்தால் 50 சதவீதம். யூஆர்வி 20 என்று எழுதியிருந்தால் 25 சதவீதம். இது வெறும் கணக்கு. சென்சாருக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மூன்றாம் கட்டம் அவுட்புட். 50 சதவீதம் என்றால் 12.00 மில்லிஆம்ப். அந்த எண்ணை உண்மையான கரண்டாக மாற்றுவது ஒரு மின்சுற்று.

இந்த மூன்று கட்டங்களிலும் சரிசெய்ய மூன்று வெவ்வேறு மெனு இருக்கிறது. முதலாவதைச் சரிசெய்வது சென்சார் ட்ரிம். இரண்டாவதை மாற்றுவது ரீரேஞ்ச். மூன்றாவதைச் சரிசெய்வது அவுட்புட் ட்ரிம். மூன்றுமே கடைசியில் மில்லிஆம்பைத்தான் மாற்றும், அதனால் எதைத் தொட்டாலும் மீட்டரில் சரியான எண் வந்துவிடும். சிக்கலே அதில்தான். தவறான கட்டத்தில் கை வைத்தும் ஒரு புள்ளியில் சரியான எண்ணை வரவழைக்கலாம். வேறு புள்ளியில் அது காட்டிக்கொடுக்கும், அல்லது ஆறு மாதம் கழித்து வேறொருவர் தலையில் விழும்.

எந்தக் கட்டத்தில் தவறு என்று கண்டுபிடிக்க வழி உண்டு. சரிபார்த்த பம்ப், மாஸ்டர் கேஜ் வைத்து 5.00 பார் கொடுங்கள். கம்யூனிகேட்டரில் பிவி 5.00 என்று வருகிறதா? வராவிட்டால் சென்சார் ட்ரிம். வருகிறது, ஆனால் சதவீதம் 50 இல்லை என்றால் ரேஞ்சைப் பாருங்கள். சதவீதமும் சரி, கம்யூனிகேட்டர் 12.00 மில்லிஆம்ப் என்கிறது, லூப்பில் தொடராகப் போட்ட மல்டிமீட்டர் 12.08 என்கிறது என்றால் அவுட்புட் ட்ரிம்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது. கம்யூனிகேட்டரில் தெரியும் மில்லிஆம்ப் பொதுவாக அளந்து சொன்னது இல்லை. 'இவ்வளவு விடுகிறேன்' என்று கருவி நினைத்துக்கொண்டிருப்பது மட்டும்தான். மழைக்காலத்தில் ஜங்ஷன் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கினால் இரண்டு வயருக்கும் இடையில் கசிவு ஏற்பட்டு, டிரான்ஸ்மிட்டர் வழியாகப் போகாமலே கொஞ்சம் கரண்ட் கார்டுக்குப் போய்ச் சேரும். கருவி 4.00 என்கிறது, கார்டில் 4.30 தெரிகிறது. இதை அவுட்புட் ட்ரிம் போட்டுச் சரிசெய்பவர்கள் உண்டு. வெயில் அடித்து பாக்ஸ் காய்ந்ததும் அளவு எதிர்ப்பக்கம் சாயும். அவுட்புட் ட்ரிம்முக்கு முன் கருவியின் டெர்மினலிலேயே கரண்டை அளந்து, கார்டு பக்கத்தில் அளந்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால் தவறு வழியில் இருக்கிறது.

ஜீரோ என்ற ஒரு சொல், இரண்டு வேலை

ஜீரோ ட்ரிம் செய்வது வேறு, ஜீரோ அமைப்பது வேறு. ஜீரோ ட்ரிம் முதல் கட்டத்தைச் சேர்ந்தது: 'இப்போது உன் மேல் அழுத்தமே இல்லை, இதை 0 என்று எடுத்துக்கொள்' என்கிறோம். ஜீரோ அமைப்பது இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது: 'இப்போது நீ உணரும் அழுத்தம் எதுவோ அதை 4 மில்லிஆம்ப் ஆக்கு' என்கிறோம். கருவியின் மூடியைத் திறந்தால் தெரியும் 'ஜீரோ' பட்டன் சில மாடல்களில் ட்ரிம், சிலவற்றில் ரீரேஞ்ச். மேனுவலைப் பார்க்காமல் அழுத்த வேண்டாம்.

எடுத்துக்காட்டு ஒன்று. திறந்த தண்ணீர்த் தொட்டி, 0 முதல் 2 மீட்டர் வரை மட்டம் அளக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரைத் தொட்டியின் கீழ் நாசிலுக்கு அரை மீட்டர் கீழே மாட்டியிருக்கிறார்கள், இடையிலுள்ள குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. தொட்டி காலியாக இருந்தாலும் கருவி 500 மி.மீ. நீரழுத்தம் உணரும், நிரம்பினால் 2500. எனவே எல்ஆர்வி 500, யூஆர்வி 2500. இரண்டுக்கும் இடையிலுள்ள ஸ்பேன் 2000.

புதியவர் ஒருவர் வந்து காலித் தொட்டியில் கருவி 500 காட்டுவதைப் பார்க்கிறார். 'காலியாக இருக்கும்போது 0 காட்ட வேண்டாமா?' என்று ஜீரோ ட்ரிம் செய்கிறார். இப்போது கருவி எல்லா அளவையும் 500 குறைத்துச் சொல்லும். காலித் தொட்டியில் பிவி 0, ஆனால் எல்ஆர்வி 500 என்பதால் கரண்ட் 3.8-இல் போய் முட்டி நிற்கும். அரை மீட்டர் தண்ணீர் ஏறிய பிறகுதான் திரை 0 சதவீதத்திலிருந்து நகரத் தொடங்கும். தொட்டி 2 மீட்டர் நிரம்பி வழியும்போது கன்ட்ரோல் ரூமில் 75 சதவீதம் என்று தெரியும். 90 சதவீதத்தில் பம்பை நிறுத்த வைத்திருக்கும் இன்டர்லாக் கடைசிவரை வேலை செய்யாது.

ஜீரோ ட்ரிம் செய்ய வேண்டுமானால், கருவியின் மேல் உண்மையிலேயே அழுத்தம் இல்லை என்ற நிலையை உண்டாக்குங்கள்: மேனிஃபோல்டு (கருவியோடு இணைந்த வால்வுத் தொகுதி) வால்வை மூடி, வென்ட் திறந்து, தண்ணீர் வடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு. ஆப்சலூட் பிரஷர் கருவியை மட்டும் வளிமண்டலத்துக்குத் திறந்து ஜீரோ ட்ரிம் செய்யாதீர்கள். அதன் 0 முழு வெற்றிடம். டிபி (அழுத்த வேறுபாடு அளக்கும்) டிரான்ஸ்மிட்டரில் மூன்று வால்வு மேனிஃபோல்டு இருந்தால் ஒரு பக்க வால்வை மூடிவிட்டு, அப்புறம் நடுவிலுள்ள ஈக்குவலைசரைத் திறங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஒரு லெக்கில் (இணைப்புக் குழாயில்) நிற்கும் நீர் மறுபக்கம் பாய்ந்துவிடும். நீராவி லைனாக இருந்தால் கண்டன்சேட் போய் நேரடி நீராவியே கருவியைத் தொடும்.

ரேஞ்ச் இரண்டு இடத்தில் இருக்கிறது

டிரான்ஸ்மிட்டரில் எழுதும் ரேஞ்சும் டிசிஎஸ்ஸில் எழுதும் ரேஞ்சும் ஒன்றாக இருக்க வேண்டும். டிசிஎஸ்ஸுக்குத் தெரிவதெல்லாம் 12 மில்லிஆம்ப் என்பது மட்டும். அதை எத்தனை பார் என்று மொழிபெயர்ப்பது அதன் சொந்த ரேஞ்ச். கருவியில் 0–10 பார், டிசிஎஸ்ஸில் 0–16 பார் என்று இருந்தால் உண்மையான 5 பார் திரையில் 8 பாராகத் தெரியும். 0-வில் இரண்டும் ஒத்துப்போவதால், பிளான்ட் நின்றிருக்கும்போது செய்த சோதனையில் இது அகப்படாது. லூப் செக்கில் 0, 50, 100 மூன்று புள்ளியும் பார்ப்பது இதற்குத்தான்.

யூனிட்டிலும் கவனம் வேண்டும். 'மி.மீ. நீர்' என்று எழுதியிருந்தால் 4 டிகிரி நீரா, 20 டிகிரி நீரா என்று மெனு கேட்கும். வித்தியாசம் 0.18 சதவீதம். தொட்டி மட்டத்துக்குப் பரவாயில்லை, விற்பனைக்கு அளக்கும் ஃப்ளோ மீட்டரில் அது காசு.

ஃப்ளோ என்றதும் ஸ்கொயர் ரூட் வந்துவிடும். ஆரிஃபிஸ் பிளேட்டின் (குழாயில் வைக்கும் துளைத் தகட்டின்) இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 25 சதவீத அழுத்த வேறுபாடு என்றால் ஓட்டம் 50 சதவீதம். இந்த வர்க்கமூலத்தை டிரான்ஸ்மிட்டரிலும் எடுக்கலாம், டிசிஎஸ்ஸிலும் எடுக்கலாம். இரண்டிலும் எடுத்தால் 50 சதவீத ஓட்டம் 70.7 ஆகத் தெரியும். இரண்டிலும் எடுக்காவிட்டால் 25 ஆகத் தெரியும். 0-விலும் 100-இலும் எல்லாம் சரியாகவே இருக்கும் என்பதால் இதுவும் நடுப்புள்ளியில்தான் சிக்கும். எங்கே எடுக்கிறோம் என்பதை லூப் ஷீட்டில் எழுதிவையுங்கள்.

டேம்பிங் பற்றி ஒரு வரி: ஆடும் அளவை அமைதிப்படுத்த 10 நொடி போட்டுவிட்டுப் போனால், திடீர் மாற்றத்தில் 63 சதவீதத்தைக் காட்டவே கருவிக்கு 10 நொடி ஆகும். கன்ட்ரோலர் பழைய செய்தியை வைத்துக்கொண்டு வால்வை ஓட்டும்.

டெம்பரேச்சர் கருவியில் ரேஞ்சைவிட சென்சார் வகையைச் சரியாகச் சொல்வதுதான் பெரிய வேலை. பிடி100 சென்சார் 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். டிகிரிக்கு 0.385 ஓம் மட்டும். மூன்று வயர் சென்சாரை இரண்டு வயர் என்று அமைத்தால் வயரின் தடையும் வெப்பமாகக் கணக்கில் சேரும். 2 ஓம் வயருக்கு 5 டிகிரி கூடுதலாகக் காட்டும்.

கிளிப் மாட்டும் முன்னும் பின்னும்

முதல் வேலை கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்வது. லூப்பை மேனுவலில் (கையால் இயக்கும் முறையில்) போடச் சொல்லுங்கள். அந்த டேக் ஏதாவது டிரிப்பில் (தானாக நிறுத்தும் பாதுகாப்பில்) சேர்ந்திருந்தால் முறைப்படி அனுமதி வாங்கி பைபாஸ் செய்யுங்கள். ரேஞ்சை மாற்றும் அந்த நொடியில் கரண்ட் தாவும். 'சும்மா படிக்கத்தானே போகிறேன்' என்று போய் தவறான மெனுவில் கை பட்டு பாய்லர் நின்ற கதைகள் இந்தத் தொழிலில் நிறைய. வெடிக்கும் வாயு உள்ள பகுதி என்றால் அதற்குரிய சான்று பெற்ற கம்யூனிகேட்டர்தான் வேண்டும். மின்சாரம் உள்ளபோது தீத்தடுப்பு உறையின் மூடியையும் திறக்கக் கூடாது.

மாட்டிவிட்டீர்கள், 'டிவைஸ் இல்லை' என்கிறது. டெர்மினல் வோல்ட்டேஜ் போதுமா, கரண்ட் ஓடுகிறதா, லூப்பில் 250 ஓம் இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியென்றால் போலிங் அட்ரஸ். கம்யூனிகேட்டர் வழக்கமாக 0 என்ற முகவரியில் மட்டும்தான் கூப்பிடும். மல்டிடிராப் முறையில், ஒரே ஜோடி வயரில் பல கருவிகளை இணைத்து ஓட்டிய இடத்திலிருந்து கழற்றி வந்த கருவிக்கு வேறு முகவரி இருக்கலாம். எல்லா முகவரிகளிலும் தேடச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் 5 கருவியில் முகவரி 0 இல்லையென்றால் கரண்ட் 4 மில்லிஆம்பில் உறைந்து நிற்கும். அளவு எவ்வளவு மாறினாலும் அசையாது. கருவி செத்துவிட்டது என்று தூக்கிப் போடுமுன் இதைப் பாருங்கள். இதுவும் இல்லையென்றால் வழியில் ஹார்ட் அலையைக் கடத்தாத ஐசொலேட்டர் இருக்கலாம், அல்லது பக்கத்திலேயே விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) மோட்டார் கேபிள் ஓடலாம்.

கருவி கிடைத்தது, ஆனால் மெனு நாலே வரியில் முடிந்துவிடுகிறது என்றால் உங்கள் கம்யூனிகேட்டரில் அந்த மாடலின் டிடி ஃபைல் இல்லை. டிடி என்பது கருவியின் மெனு, அளவுகள், கட்டளைகள் எல்லாவற்றையும் விவரிக்கும் கோப்பு. அது இல்லாமலும் டேக், பிவி, ரேஞ்ச் போன்றவற்றைப் படிக்கலாம், ஏனென்றால் அவை எல்லா ஹார்ட் கருவிக்கும் பொதுவான கட்டளைகள். ரேடார் லெவல் கருவியின் எக்கோ வளைவைப் பார்ப்பது போன்ற தனி வேலைகளுக்கு டிடி வேண்டும். லேப்டாப்பில் யூஎஸ்பி ஹார்ட் மோடம் வைத்துச் செய்தால் அங்கே டிடிஎம் என்ற இன்னொரு வகைக் கோப்பு கேட்கலாம்.

மாற்றுவதற்கு முன் இருந்த அமைப்பைச் சேமித்துவைப்பது இரண்டு நிமிட வேலை. டேக் பெயர் 8 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஹார்ட் 6-இலிருந்து 32 எழுத்துள்ள நீண்ட டேக்கும் உண்டு. திரையில் எண்ணை மாற்றினாலும் சில கம்யூனிகேட்டர்களில் 'சென்ட்' அழுத்தும்வரை கருவிக்குள் எதுவும் மாறாது. அழுத்தியதும் உடனே பவரை அணைக்காதீர்கள், கருவி அதைத் தன் நினைவகத்தில் எழுதி முடிக்கட்டும். எழுத மறுத்தால் ரைட் புரொடெக்ட் சுவிட்சைப் பாருங்கள்.

லூப் டெஸ்டுக்காக 4, 12, 20 என்று கரண்டை நிலையாக நிறுத்திவைத்துப் பார்ப்பீர்கள். அந்த மெனுவிலிருந்து முறைப்படி வெளியே வாருங்கள். கிளிப்பை அப்படியே பிடுங்கினால் கருவி 12 மில்லிஆம்பிலேயே நின்றுவிடக்கூடும். கன்ட்ரோல் ரூமில் 50 சதவீதம், அமைதியான நேர்கோடு. ஆடாமல் அசையாமல் இருக்கும் டிரெண்டைப் பார்த்து ஆபரேட்டருக்குச் சந்தேகம் வரும்வரை யாருக்கும் தெரியாது. ஹார்ட் பதில் ஒவ்வொன்றிலும் 'கரண்ட் நிலையாக நிறுத்தப்பட்டுள்ளது' என்று சொல்லும் ஒரு பிட் உண்டு. கிளிப்பைக் கழற்றுமுன் ஸ்டேட்டஸ் திரையில் அது போய்விட்டதா என்று பாருங்கள். பிறகு மேனிஃபோல்டு வால்வுகளைப் பழைய நிலைக்குத் திருப்பி, ரைட் புரொடெக்ட் போட்டு, மூடியை இறுக்கி, கன்ட்ரோல் ரூமில் ப்ராசஸ் அளவு நகர்வதை உறுதிசெய்த பிறகு பைபாஸை எடுக்கச் சொல்லலாம்.

முழுக்க டிஜிட்டலில் பேசும் ப்ரோஃபிபஸ் பிஏ, ஃபவுண்டேஷன் ஃபீல்டுபஸ் கருவிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 4–20 இல்லை. அளந்த எண்ணே நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் பயணிக்கிறது. எனவே மூன்றாம் கட்டமும் அவுட்புட் ட்ரிம்மும் கிடையாது. சென்சார் ட்ரிம் அப்படியே இருக்கிறது. ஜீரோ ட்ரிம்மைக் காலித் தொட்டியில் செய்தால் அங்கும் தொட்டி வழியும்.